"இனி நான் ஆண் அல்ல, இவள்தான் ஆண்": கிரயோன் எதற்குப் பயப்படுகிறான்?

மாடிப்படி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் 'ஆன்டிகனி'யைப் பாத்திரம் பிரித்துச் சத்தமாக வாசித்தோம். என் பங்குக்குக் கிரயோன் வந்தது. பாலினைசிஸின் பிணத்தை யாரும் புதைக்கக் கூடாது என்பது அரசன் கிரயோனின் கட்டளை. அதை மீறிச் சகோதரன்மேல் மண் தூவிய ஆன்டிகனியைக் காவலாளி பிடித்துக்கொண்டு வருகிறான். அவள் மழுப்பவில்லை, நான்தான் செய்தேன் என்கிறாள். அப்போது கிரயோன் சொல்கிறான்: இவள் தண்டனை இல்லாமல் இந்த வெற்றியோடு போய்விட்டால் இனி நான் ஆண் அல்ல, இவள்தான் ஆண்.

அந்த வரியை வாசித்த பிறகு அடுத்த வரிக்குப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தீப்ஸ் நகரமே அவன் கையில். காவலர்கள் இருக்கிறார்கள், சட்டம் அவன் வாயிலிருந்து வருகிறது. எதிரே நிற்பவள் உடன்பிறந்தவளின் மகள், அவன் மகனுக்கே நிச்சயித்த பெண். சிம்மாசனம் போய்விடும் என்று அவன் சொல்லவில்லை. ஆண் என்கிற பெயர் போய்விடும் என்கிறான்.

வாய் தவறி ஒரு தடவை வந்த பேச்சும் இல்லை. நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு பெண் ஆள முடியாது என்கிறான். மகன் ஹேமோனிடம், விழத்தான் வேண்டும் என்றால் ஓர் ஆணின் கையால் விழலாம், பெண்ணிடம் தோற்றவர்கள் என்ற பேச்சு மட்டும் வேண்டாம் என்கிறான். ஹேமோன் நிதானமாக, நகரத்து ஜனங்கள் இருட்டில் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்கிறான். அதற்குக் கிடைக்கும் பதில் "பெண்ணுக்கு அடிமை" என்ற வசவு.

இது கிரயோன் ஒருவனைப் பிடித்த வியாதியா? இல்லை, கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் ஆண்மை என்பதே எந்த நேரமும் கைநழுவிப் போகிற ஒன்றாகத்தான் இருக்கிறதா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கொன்றை

கிரயோனோடு நிற்கிற விஷயம் இல்லை இது. அவனுக்குப் பல வருடங்கள் முன்னால், கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் முதல் பரிசு வாங்கிய 'ஒரெஸ்டியா' மூன்று நாடகங்களும் இந்தப் பயத்தின்மேல்தான் நிற்கின்றன.

முதல் நாடகமான 'அகமெம்னான்' திறக்கும்போது அரண்மனைக் கூரைமேல் ஒரு காவல்காரன் நாய்போலக் கிடந்து, ட்ராய் விழுந்த சேதி சொல்லும் தீக்காக ஒரு வருடமாகக் காத்திருக்கிறான். யார் உத்தரவு? ராணி கிளைட்டம்னெஸ்ட்ராவின் உத்தரவு. அவளை அவன் சொல்லும் விதம்: ஆணைப்போல் திட்டமிடும் நெஞ்சு கொண்ட பெண். ஐடா மலையில் மூட்டிய தீ லெம்னோஸ், ஆதோஸ் என்று சிகரம் சிகரமாகத் தாவி ஆர்கோஸ் வந்த கதையை அவள் சொல்லி முடித்ததும், ஊர்ப் பெரியவர்கள் "அம்மா, விவேகமுள்ள ஆண்மகனைப் போலப் பேசுகிறாய்" என்று மெச்சுகிறார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் அதே பெரியவர்கள், பெண் பரப்பும் சேதிதானே, வந்த வேகத்தில் போய்விடும் என்கிறார்கள்.

அப்புறம் அந்தத் துணி விரிக்கும் காட்சி. பத்து வருடப் போரை முடித்துவிட்டு அகமெம்னான் தேரிலிருந்து இறங்க வேண்டும். இவள் வாசல்வரை செவ்வூதா நிறத் துணிகளை விரிக்கச் சொல்கிறாள். அவன் தயங்குகிறான். என்ன சொல்லித் தயங்குகிறான் பாருங்கள்: பெண்ணைக் கொஞ்சுவதுபோல என்னைக் கொஞ்சாதே. மிதிக்க மாட்டேன் என்றவன் பதினைந்து இருபது வரிப் பேச்சில் தோற்கிறான். கடைசியில், சரி, யாராவது என் செருப்பைக் கழற்றுங்கள் என்கிறான். ட்ராயை அழித்த படைத்தலைவன் வீட்டு வாசலில், வெறுங்காலோடு, பெண்டாட்டி விரித்த துணியில் நடந்து உள்ளே போகிறான். இவள் பின்னால், "கடல் இருக்கிறது, அதை யார் வற்றவைக்க முடியும்?" என்கிறாள். அந்தச் சாயம் கடல் நத்தையிலிருந்து எடுப்பது. வெள்ளி எடைக்கு விலை போவது.

கொலை அங்கேயே நடந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். உள்ளே குளியல் தொட்டியில் அவள் அவனை வெட்டிக் கொல்வது அதன் பாக்கிதான்.

உப்பளம்

தம்பி மாடிப்படி, நல்ல கேள்வி. நாடகத்துக்கு உள்ளே மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். யார் முன்னால் இதை நடித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏதென்ஸில் டயோனிசஸ் திருவிழா. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் அரங்கம். துன்பியல் நாடகங்கள் தொடங்கும் முன் தளபதிகள் கடவுளுக்கு மது வார்ப்பார்கள். கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பப் பணத்தைக் காட்சிக்கு வைப்பார்கள். போரில் தகப்பனை இழந்து, நகரத்தின் செலவில் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களானதும் முழுக் கவசம் பூட்டி அரங்கத்தின் நடுவே நடத்திக் காட்டுவார்கள். இதுதான் ஆண், இவன்தான் நாளைக்குக் கேடயத்தோடு வரிசையில் நிற்கப் போகிறவன் என்று ஊருக்கே காட்டுவது அது. அந்தக் கவசம் கண்ணைவிட்டு மறையும் முன்பே மேடையில் அகமெம்னான் செருப்பைக் கழற்றுகிறான்.

பெண்கள் பார்க்க வந்தார்களா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வந்திருந்தாலும் நாடகம் பேசியது ஆண் குடிமக்களோடுதான். எழுதியவன் ஆண், நடித்தவன் ஆண், பெண்கள் குழுவாகப் பாடி ஆடியவர்களும் ஆண்கள். வீட்டுப் பெண்ணின் நிலையோ, ஒரு மெடிம்னஸ் (அந்த ஊர்த் தானிய அளவை) வாற்கோதுமையின் மதிப்புக்கு மேல் தானாக ஒரு வியாபாரம் பேச அவளுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் தகப்பன், புருஷன், மகன் என்று ஒரு காப்பாளன் வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், இன்று மிஞ்சியிருக்கும் துன்பியல் நாடகங்களில் பெண் பாத்திரமே இல்லாதது சோஃபக்ளிஸின் 'ஃபிலொக்டெட்டிஸ்' ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் பெண் வந்து நிற்கிறாள், பேசுகிறாள்.

ஏன்? ஆண்கள் தங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. அந்தக் கண்ணாடிதான் இந்தப் பெண்கள் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

செங்கொன்றை

உப்பளம் ஐயா, மேடைக்கு வெளியே நடந்ததைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அந்தக் கண்ணாடி என்கிற வார்த்தையோடு எனக்குச் சண்டை உண்டு.

கண்ணாடிக்கு வலிக்காது. யூரிப்பிடிஸின் மெடியா, தன்னைக் கைவிட்ட புருஷன் ஜேசனைப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொல்பவள். அவள் கொரிந்தியப் பெண்களிடம் பேசுவதைக் கேளுங்கள். ஏகப்பட்ட பணம் கொடுத்து ஒரு புருஷனை வாங்குகிறோம், வாங்கியவனே நம் உடம்புக்கு எஜமானன் ஆகிறான் என்கிறாள். நாம் வீட்டில் ஆபத்தில்லாமல் இருக்கிறோமாம், அவர்கள் ஈட்டியோடு போரிடுகிறார்களாம். ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை கேடயத்தோடு நிற்பேன் என்கிறாள். நீங்கள் சொன்ன அதே கேடயம்தான், ஐயா. கவசம் போட்ட பையன்கள் நடந்த அதே அரங்கத்தில் இதைச் சொல்கிறாள், அதுவும் பெலொப்பொனீசியப் போர் தொடங்கிய கி.மு. 431-இல். அந்த வருடப் போட்டியில் யூரிப்பிடிஸுக்கு மூன்றாவது இடம். மூன்று பேர்தான் போட்டியிட்டார்கள்.

எனக்கு இரண்டாவது பிரசவம் இருபத்திரண்டு மணி நேரம். அந்த வரியை முதன்முதலில் படித்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதை ஓர் ஆண் எழுதினான், ஓர் ஆண் நடித்தான், எல்லாம் சரி. ஆனால் யாரோ ஒரு பெண் சொல்ல அவன் கேட்காமல் அந்த வரி வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

மாடிப்படி

அக்கா, மெடியா விஷயத்தில் ஒரு சந்தேகம். அவள் அழிவதே ஆண்களுடைய நியாயத்தைத் தன் நியாயமாக எடுத்துக்கொண்டதால்தானே? என்னை எளியவள், சாது என்று யாரும் நினைக்க வேண்டாம், பகைவருக்குக் கொடியவள், நண்பருக்கு நல்லவள், அப்படிப்பட்டவர்களுக்குத்தான் புகழ் என்று ஓர் இடத்தில் சொல்கிறாள். இது அப்படியே போர்வீரன் பேச்சு.

செங்கொன்றை

ஆமாம் தம்பி, அங்கேதான் அந்த நாடகம் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. மெடியாவின் பக்கத்தில் ஜேசனை வைத்துப் பார்க்காதீர்கள், சோஃபக்ளிஸின் ட்ராய்ப் போர்வீரன் ஏஜாக்ஸை வைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே பயம்: பகைவர்கள் சிரித்துவிடுவார்கள். ஏஜாக்ஸ் அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஹெக்டர் கொடுத்த வாளின்மேல் விழுகிறான். அவனோடு மனைவியாக வாழும் டெக்மெஸ்ஸா, உன் பிள்ளை என்ன ஆவான் என்று கெஞ்சுகிறாள். அவன் காதில் ஏறவில்லை. முன்பே அவள் வாயை அடைத்திருக்கிறான், மௌனமே பெண்ணுக்கு அழகு என்று. பிறகு ஒரு கணம் மனம் இளகியதுபோலப் பேசும்போதும், இந்தப் பெண்ணால் என் பேச்சு பெண் பேச்சாகிவிட்டது என்கிறான். இரக்கம் வந்தால் அதற்குப் பெண் என்று பெயர்.

மெடியாவுக்குள் ஏஜாக்ஸும் இருக்கிறான், டெக்மெஸ்ஸாவும் இருக்கிறாள். பிள்ளைகளின் மென்மையான தோலையும் மூச்சின் வாசனையையும் சொல்லி மனம் உடைகிறவள் டெக்மெஸ்ஸா. பகைவர் சிரிக்க விடுவேனா என்று உடனே நிமிர்கிறவள் ஏஜாக்ஸ். ஜெயிப்பது அவன்தான். ஆண்கள் புகழ் என்று கொண்டாடிய நியாயத்தை ஒரு தாய் கையில் எடுத்தால் என்ன மிஞ்சும் என்று யூரிப்பிடிஸ் கடைசிவரை கொண்டுபோய்க் காட்டுகிறார். சூரியனின் தேரில் அவள் மேலே நிற்கிறாள், கீழே ஜேசன் பிள்ளைகளை ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன் என்று கேட்கிறான். கிடைக்கவில்லை. ஜெயித்தது யார் என்று சொல்லவே முடியாது.

உப்பளம்

அம்மா, கண்ணாடி என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். டெக்மெஸ்ஸாவைப் பக்கத்தில் வைத்துப் படிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அரிஸ்டாட்டில் கவிதையியலில் பாத்திரப் படைப்பைப் பற்றிச் சொல்லும்போது, பெண் பாத்திரத்துக்கு ஆண்மையோ சொல்சாமர்த்தியமோ பொருந்தாது என்கிறார். இந்த நாடகங்களை எல்லாம் அறிந்தவர் சொன்னது அது. கிளைட்டம்னெஸ்ட்ராவும் மெடியாவும் மேடையேறி நூறு வருடம் ஆன பிறகும் அந்தப் பயம் தணியவில்லை.

பின்வரிசை

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நான் மேடையில் வேலை செய்கிறவன், உடைகள் என் பொறுப்பு. நீங்கள் எல்லோரும் வசனத்தைப் பார்க்கிறீர்கள், எனக்குக் கண்ணில் படுவது துணி.

சில வருடங்கள் முன் ஒரு சின்னக் குழுவோடு 'அகமெம்னான்' போட்டோம். செவ்வூதாத் துணிக்குக் காசு இல்லை. எட்டுப் பழைய பட்டுப்புடவைகளை வாங்கிச் சாயம் போட்டு, முனைக்கு முனை மூட்டினேன். ஒத்திகையில் அகமெம்னானாக நடித்தவர் முதல் அடி வைத்ததும் கால் பின்வாங்கியது. பட்டு பாதத்தில் ஒட்டிக்கொண்டு வழுக்குகிறது, காலை ஊன்றி நடக்க வரவில்லை. குதிகாலைத் தூக்கிச் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தார். "வீரனா நடக்கவே முடியலையே" என்றார். இயக்குநர், அப்படியே நடங்கள் என்று சொல்லிவிட்டார். செங்கொன்றை அக்கா சொன்னதை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எந்த நாடகத்தைப் படித்தாலும் துணியைத் தேட ஆரம்பித்தேன். அகமெம்னான் குளித்து எழும்போது கை நுழைய வழியில்லாத ஓர் அங்கியை வலைபோல அவன்மேல் வீசித்தான் கிளைட்டம்னெஸ்ட்ரா வெட்டுகிறாள். அடுத்த நாடகத்தில் மகன் ஒரெஸ்டிஸ் தாயைக் கொன்றுவிட்டு அந்த அங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு, இதற்கு என்ன பெயர் வைப்பது, மிருகம் பிடிக்கும் வலையா, பிணத்தை மூடும் துணியா என்று தடுமாறுகிறான். அதே நாடகத்தில் அவனை வளர்த்த செவிலி, அவன் செத்துவிட்டதாகக் கேட்டு அழும்போது, அவன் நனைத்த துணிகளைத் துவைத்ததைச் சொல்லி அழுகிறாள். வளர்த்ததும் வெளுத்ததும் ஒரே கை என்கிறாள். மெடியா புது மணப்பெண்ணுக்கு அனுப்புவது ஓர் உடையும் பொன் முடியும். உடுத்தியதும் உடம்பு உருகுகிறது. ஆன்டிகனி தூக்கில் தொங்குவதுகூட மெல்லிய துணியை முறுக்கிய சுருக்கில்.

அந்த ஊரில் நூற்பதும் நெய்வதும் பெண்ணின் வேலை. வீட்டுக்குள் அவள் கையில் இருந்த ஒரே தொழில் அது. கவசம் ஆயுதச்சாலையில் செய்வது, துணி அவள் அறையிலிருந்து வருவது. கவசத்தைக் கழற்றிய பிறகு ஆணின் உடம்பைத் தொடுவது அவள் நெய்த துணிதான்.

நிலாமுற்றம்

பின்வரிசை அண்ணா, அப்படியானால் ஹெராக்ளிஸ் கதையும் இதில்தானே வரும்? சோஃபக்ளிஸ் எழுதியது.

பின்வரிசை

'ட்ராக்கிஸ் பெண்கள்'. அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

ஹெராக்ளிஸ் வெகு நாளாக வீட்டில் இல்லை. வரும்போது ஐயோலி என்ற இளம்பெண்ணைச் சிறைப்பிடித்து முன்னால் அனுப்புகிறான். மனைவி டெயானிரா அந்தப் பெண்ணைத் திட்டவில்லை, அவளைப் பார்த்து இரங்குகிறாள். ஆனால் ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் காத்திருப்பதா என்று அவளால் தாங்க முடியவில்லை. எப்போதோ நெஸ்ஸஸ் என்ற சென்டார் (பாதி மனிதன், பாதி குதிரை) சாகும்போது, என் ரத்தம் வசிய மருந்து என்று சொல்லிவிட்டுப் போனான். அதைக் கம்பளி நூல் கொத்தில் தொட்டு ஓர் அங்கியில் தடவிப் புருஷனுக்கு அனுப்புகிறாள். அனுப்பிய பிறகு பார்க்கிறாள்: தரையில் எறிந்த அந்தக் கம்பளிக் கொத்து வெயில் பட்டதும் தானாகக் கரைந்து, அறுத்த மரத்தூள்போல உதிர்ந்து கிடக்கிறது. மேடையில் நடப்பது இல்லை, அவள் சொல்லக் கேட்பதுதான். எனக்கு அந்த மரத்தூள் போதும். அதற்குப் பிறகு நாடகத்தில் என்ன நடந்தாலும் நான் அதிர்ச்சி அடைவதில்லை.

அங்கி உடம்பில் ஒட்டிக்கொண்டு தின்கிறது. உலகத்து அரக்கர்களை எல்லாம் கொன்ற ஹெராக்ளிஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். என்னைப் பார், ஒரு சிறுமியைப் போல அழுகிறேன், இதற்குமுன் இவன் அழுது பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது, இப்போது பெண்ணாகப் போய்விட்டேன் என்று மகனிடம் சொல்கிறான். ஒரு பெண், வாள்கூட இல்லாமல், தனியாக என்னைச் சாய்த்துவிட்டாள் என்கிறான்.

அவன் அங்கே வந்து சேருவதற்கு முன்பே அவள் செத்துவிட்டாள். எப்படி? துன்பியல் நாடகத்தில் பெண்கள் பெரும்பாலும் சுருக்குக் கயிற்றைத்தான் தேடுவார்கள். டெயானிரா கணவனின் படுக்கைமேல் உட்கார்ந்து வாளால் தன்னைக் குத்திக்கொள்கிறாள். வாள் அவளிடம், அழுகை அவனிடம். இரண்டு பேரும் மேடையில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. பேசும் நடிகர்கள் மூன்று பேர்தான் என்பதால் பெரும்பாலும் ஒரே நடிகர்தான் இரண்டு வேடமும் கட்டியிருப்பார். பாதி நாடகத்துக்கு டெயானிரா, மீதிக்கு ஹெராக்ளிஸ்.

செங்கொன்றை

மகன் அவளைக் குற்றம் சாட்டும்போது அவள் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள், இல்லையா? "ஏன் மௌனமாகப் போகிறாய், அது அவன் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வது ஆகாதா" என்று குழுவினர் கேட்கிறார்கள். 'ஆன்டிகனி'யில் கிரயோனின் மனைவி யூரிடிஸியும் மகன் செத்த சேதி கேட்டு அப்படித்தான் பேசாமல் உள்ளே போகிறாள். இந்த மௌனங்களுக்கு ஏஜாக்ஸ் சொன்ன 'அழகு' என்ற பேரைத் தயவுசெய்து யாரும் வைக்காதீர்கள்.

ஹெராக்ளிஸ் கடைசிவரை அவள் பேரைச் சொல்வதில்லை. அவள் தெரியாமல் செய்தாள் என்று மகன் விளக்கிய பிறகும் ஒரு சொல் வரவில்லை. சோஃபக்ளிஸ் அதை வேண்டுமென்றே விட்டார் என்று நினைக்கிறேன். அதற்காக ஹெராக்ளிஸை மன்னிக்க என்னால் முடியவில்லை.

உப்பளம்

நடிகர்கள் என்றதும் போலஸ் ஞாபகம் வருகிறார். கி.மு. நான்காம் நூற்றாண்டில் பெயர்பெற்ற நடிகர். சோஃபக்ளிஸின் 'எலெக்ட்ரா'வில் எலெக்ட்ராவாக நடிக்க வேண்டும். தம்பியின் சாம்பல் என்று நம்பி ஒரு கலசத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழும் காட்சி. அப்போதுதான் போலஸின் மகன் இறந்திருந்தான். மகனின் சாம்பல் கலசத்தைக் கல்லறையிலிருந்து எடுத்து வந்து அதையே கையில் ஏந்தி நடித்தார் என்று ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் ஜெல்லியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு தகப்பன். ஊர் பார்க்க வாய்விட்டு அழ அவனுக்கு ஒரு பெண்ணின் முகமூடி வேண்டியிருந்தது.

மாடிப்படி

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு யூரிப்பிடிஸின் 'பாக்கே' வாசிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பின்வரிசை அண்ணா, டயோனிசஸைக் கடவுளாக ஏற்காத அரசன் பென்தியஸ், மலையில் அந்தக் கடவுளை வழிபடும் பெண்களை ஒளிந்து பார்ப்பதற்காகப் பெண் உடை உடுத்தும் காட்சியை எப்படி வாசிப்பது? எங்களில் சிலர் சிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பின்வரிசை

முதலில் சிரிப்பு வரட்டும், தடுக்காதீர்கள். காட்சியில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். டயோனிசஸின் நீண்ட கூந்தலைப் பார்த்து, இது மல்யுத்தம் செய்கிறவன் முடி இல்லை என்று நையாண்டி செய்தவன் பென்தியஸ். அவனே புத்தி கலங்கிப் பெண் உடையில் வெளியே வருகிறான். என் நடை அம்மாவின் நடை மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறான். ஒரு சுருள் முடி இடம் மாறிவிட்டது என்று டயோனிசஸ் சரிசெய்கிறான். இடுப்புக்கச்சை தளர்ந்திருக்கிறது, கணுக்காலில் மடிப்பு சீராக விழவில்லை என்கிறான். பென்தியஸ் குனிந்து பார்த்து, ஆமாம், வலது பக்கம் சரியில்லை, இந்தப் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறான். உடை உடுத்திவிடுகிற எங்களுக்கு இந்தப் பேச்சு தினமும் நடப்பது. அதனால்தான் அதைப் படிக்கும்போது என் கை நடுங்கும். சாகப்போகிறவனுக்குப் பார்த்துப் பார்த்து மடிப்பு எடுத்துவிடுகிறார்கள்.

பென்தியஸும் அவன் தாய் அகவேயும் மேடையில் சேர்ந்து வருவதில்லை. அங்கேயும் ஒரே நடிகராகத்தான் இருந்திருக்க வேண்டும். தாயும் மற்றப் பெண்களும் மலையில் அவனைப் பிய்த்துப் போட்ட பிறகு, சிங்கத்தின் தலை என்று நினைத்து அவன் தலையை அகவே ஏந்திக்கொண்டு வருகிறாள். கையில் இருப்பது பென்தியஸின் முகமூடிதான் என்று வைத்துக்கொண்டால், சற்று முன் தான் போட்டிருந்த முகத்தையே அந்த நடிகர் கையில் ஏந்தி நிற்கிறார்.

அதனால் அந்த இரண்டு பாத்திரத்தையும் ஒரே ஆளிடம் கொடுங்கள்.

நிலாமுற்றம்

அகவே உண்மை தெரிந்து அழும் இடம் எங்கள் பிரதியில் பாதியில் நிற்கிறது. பக்கம் விட்டுப்போயிருக்கிறதா?

உப்பளம்

உங்கள் பிரதியில் தவறு இல்லை, மகளே. மூல ஏட்டிலேயே அந்த இடம் அழிந்துவிட்டது. மகனின் உடம்பைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துத் தாய் புலம்பும் பகுதி. அந்த இடம் வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருங்கள், பிறகு தொடருங்கள்.

செங்கொன்றை

யார் அகவே வாசிக்கப் போகிறீர்களோ அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையிலிருந்து வந்ததும் அவள் தகப்பனிடம் பெருமையாகச் சொல்வாள்: தறியில் ஓடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய காரியத்துக்குப் போனேன், வெறுங்கையால் வேட்டையாடினேன் என்று. ஆண்பிள்ளைகள் வேட்டையைச் சொல்வதுபோலச் சொல்வாள். அந்த வரியைச் சோகமாக வாசித்துவிடாதீர்கள். அவளுக்கு இன்னும் தெரியாது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தகப்பன் தன்னைப் பார்த்துப் பெருமைப்படுவார் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாள், அப்படியே வாசியுங்கள்.

மாடிப்படி

சரி அக்கா. பென்தியஸ், அகவே இரண்டும் நானே எடுத்துக்கொள்கிறேன்.